பள்ளிக்கூடத்துக்காக ஒரு விலாசம்

மகன் சுதாகருக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்துவிட்டுப் போன படிவம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உன் அப்பா அதன் மேல் மூக்குக்கண்ணாடியை வைக்கிறார், எடுக்கிறார். "கையெழுத்துதானே, போட்டு அனுப்பிட்டு வேற வேலையப் பாரு" என்கிறார். ஆயுள் முழுக்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த மனிதர். காகிதத்தைக் கண்டால் அவர் கை தானாகப் பேனையைத் தேடும். எனக்கு அப்படி வரவில்லை. போனில் பேசலாம்தான். பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் என்னை உன் பக்கம் இழுத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தத் திறமை உண்டு. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள். வனிதாவும் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும். பிள்ளையைப் பெற்றவள் அவள். அவளுக்குத் தெரியாமல் நீயும் நானும் ஒரு முடிவுக்கு வருவது முறையில்லை.

நீ கேட்பது என்னவென்று முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு "நீங்க தப்பா வெளங்கிட்டீங்க" என்று ஆரம்பிக்கக் கூடாது. வரும் ஜனவரியில் மிதுனாவுக்குத் தரம் ஒன்று. வனிதாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்பதால் நீங்கள் மூன்று பேரும் ரத்தோட்டையில் வாடகைக்கு இருக்கிறீர்கள். வாக்காளர் இடாப்பில் மட்டும் உன் பெயர் இன்னும் மாத்தளையில், எங்கள் வீட்டு விலாசத்தில் இருக்கிறது. எங்கள் முன்வாசலில் நின்றால் டவுன் பள்ளிக்கூடத்து மதில் தெரியும்; கிட்ட இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அங்கே முதல் இடம். ரத்தோட்டைப் பள்ளிக்கூடம் உனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நீங்கள் எங்களோடுதான் வசிக்கிறீர்கள் என்று, வீட்டுக்குச் சொந்தக்காரியான நான் கையெழுத்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டைப் பார்க்க வரும் நாளில் மிதுனாவின் உடுப்பு கொடியில் காய வேண்டும், அவளுடைய பல் தூரிகை குளியலறையில் இருக்க வேண்டும், சுவரில் அவள் கிறுக்கிய படம் ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் அவளுக்கு டவுன் பள்ளிக்கூடம். செய்யாவிட்டால் இல்லை.

நான் முகத்தைச் சுளித்ததும் நீ ஒன்று சொன்னாய். "அம்மா, நீங்க எனக்குச் செஞ்சததானே நானும் கேக்குறேன். எனக்குன்னா நியாயம், மிதுனாவுக்குன்னா அநியாயமா?" என்றாய். தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். அதற்கு முழுப் பதில் இப்போதும் என்னிடம் இருக்கிறதென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் உனக்குச் செய்தது என்னவென்று உனக்கு முழுதாகத் தெரியாது. அதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அப்போது நாம் பலாபத்வலயில் இருந்தோம். நான் அங்கிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்றுக்கு டீச்சர். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. உன்னை அங்கே சேர்ப்பேன் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. ஆனால் உள்ளே இருப்பவளுக்குத்தானே உள்ளே நடப்பது தெரியும். ஒரே மண்டபத்தில் நாலு வகுப்பு. ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறு பக்கம் தேவாரம். கணக்கு மாஸ்டர் மாற்றலாகிப் போய், அடுத்தவர் வருவார் வருவார் என்று சொல்லியே வருஷம் ஓடியது. என் வகுப்பை நான் ஒழுங்காக நடத்தினேன். அதில் எனக்குக் கர்வமே உண்டு. என் வகுப்பைத் தாண்டியதும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் பிள்ளை அப்படி ஆகக் கூடாது என்று முடிவெடுத்தேன். அதில் தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. எந்தத் தாயும் அதைத்தான் நினைப்பாள்.

நாங்கள் இப்போது இருக்கும் இந்த வீடு அன்றைக்கு உன் அத்தையின் வீடு. உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கொழும்புக்குப் போனதும்தான் நாங்கள் வாங்கினோம். வாக்காளர் படிவத்தில் நம் பெயர்களை இந்த விலாசத்துக்கு மாற்றிக்கொண்டு, உனக்கு நான் பாடம் நடத்தினேன். ஐந்து வயது உனக்கு. "தம்பி, ஒங்க வீடு எங்க?" "மாத்தளையில." "பலாபத்வலயில யாரு இருக்காங்க?" "யாருமே இல்ல." சரியாகச் சொன்னால் ஒரு டொஃபி. வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் நான் அவ்வளவு கவனமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. மூன்றாவது நாளே நீ டொஃபி இல்லாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். "பாத்தீங்களா, என்ன கெட்டிக்காரன்!" என்று உன் அப்பாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

வீட்டைப் பார்க்க டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சேர் வந்தார். உன் உடுப்புகளைக் கொடியில் போட்டிருந்தேன். உன் புத்தகப்பையை அலுமாரி மேல் வைத்திருந்தேன். வாசலில் உன் சின்னச் செருப்பு. அதற்கென்றே முதல் நாள் கடைத்தெருவில் வாங்கியது. அந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று, கால் விரலால் அந்தச் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒரு பொட்டு மண் இல்லை, கடைக்காரன் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. "என்ன டீச்சர், பிள்ளை இன்னும் நடக்கப் பழகலியா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே "சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போனார். நானும் டீச்சர் என்பதால் விட்டுக்கொடுத்தார். இந்தக் கதையை உனக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், நாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இனிச் சொல்லப்போவதை உனக்குச் சொன்னதில்லை.

உன் அத்தை வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில், ஒரு வீட்டின் பின் அறையில் ராமையா என்று ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். அவருடைய மகள் ரேணுகாவுக்கும் உன் வயது. உண்மையாகவே அந்தச் சந்தில் வசித்த பிள்ளை. அவளுக்கு டவுன் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை, உனக்குக் கிடைத்தது. அவளுடைய இடத்தைத்தான் நீ எடுத்தாய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எடுக்கவில்லை என்று என்னாலும் நிரூபிக்க முடியாது. ராமையா பலாபத்வல ரோட்டோரத்தில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலை செய்தார். வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாப்பட்டையும் கராம்பும் காட்டுகிற தோட்டம். வேலைக்கு வரும்போது கூடவே கூட்டிவரலாம் என்று மகளை என் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். முதல் நாள் என் மேசைக்கு முன்னால் நின்று, "டவுன்ல கெடைக்கலிங்க டீச்சர். வாடகைக்கு இருக்கோம், கடுதாசி ஒண்ணும் கையில இல்ல. நீங்க நல்லா சொல்லிக் குடுப்பீங்கன்னு தோட்டத்துல எல்லாரும் சொன்னாங்க" என்றார். பிறகு சும்மா பேச்சுக்குத்தான், "ஒங்க புள்ளயும் இங்கதானே டீச்சர் படிக்குது?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் முகம் அப்படியே தெளிந்துபோனது. டீச்சரே நம்பி விட்டிருக்கிற இடம், நாமும் நம்பி விடலாம் என்று நினைத்திருப்பார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் உன்னை மாத்தளை பஸ்ஸில் ஏற்றிவிட நான் ரோட்டில் நின்றேன்; அங்கே உன் அத்தை வந்து இறக்கிக்கொள்வார். எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸிலிருந்து மகளோடு இறங்கி, ரோட்டைக் கடந்து வந்தார் ராமையா. உன் கழுத்தில் டவுன் பள்ளிக்கூடத்து டை. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரேணுகா "குட் மோர்னிங் டீச்சர்" என்றாள். அப்போது உன் பஸ் வந்து நின்றது, நிற்க இடமில்லாமல் சனம். "தம்பி நசுங்கிப் போயிருவாரு டீச்சர், இருங்க" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, யாரிடமோ கெஞ்சி ஜன்னல் ஓரத்தில் உன்னை உட்கார வைத்துவிட்டு இறங்கினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார். எனக்கு அப்படியே ரோட்டில் புதைந்துபோய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் மணியடிக்கும் நேரம் என்பதால் அவர்களுக்குப் பின்னாலேயே நானும் நடந்தேன்.

அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊர் கேட்டது. அடுத்த வருஷம் ஐந்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். "டீச்சரே புள்ளைய டவுனுக்கு அனுப்புறாங்க, நமக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?" என்று ஒரு தாய் பள்ளிக்கூட அதிபரின் அறையில் நின்று சத்தமாகக் கேட்டாள். நான் பக்கத்து அறையில் பிள்ளைகளின் வரவு இடாப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் குறைந்தார்கள், அதைக் காட்டி ஆசிரியர்களைக் குறைத்தார்கள், ஆசிரியர் இல்லை என்று இன்னும் பிள்ளைகள் போனார்கள். எல்லாம் என்னால் நடந்தது என்று தலையில் அடித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு முன்பும் நடந்தது, பின்பும் நடந்தது. ஆனால் என் கையும் அதில் இருந்தது.

ரேணுகா இப்போது டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். என் பிரஷர் மாத்திரையை அவள்தான் எண்ணித் தருகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஏ/எல் உயர்தர வகுப்பில் கணக்குப் படிக்க ஆசைப்பட்டாள், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. டவுனில் படித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நீ அங்கே படித்திருக்காவிட்டால் இன்று வங்கியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பாயா என்பதும் தெரியாது. உட்கார்ந்திருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அதனால் உன்னிடம் அந்தப் பள்ளிக்கூடம் தேவையில்லை, எங்கே படித்தாலும் ஒன்றுதான் என்று கதை விட மாட்டேன். ஒன்றில்லை. முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் சோக்கட்டி பிடித்தவள் சொல்கிறேன், ஒன்றே இல்லை.

நீ சொன்ன மற்ற வழிகளையும் யோசித்துப் பார்த்தேன். இன்டர்நெஷனல் ஸ்கூல் என்றால், எதிர்வீட்டுப் பையன் அங்கேதான் படிக்கிறான். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. தமிழில் பெயரை எழுதச் சொன்னால் படம் வரைகிறான். இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் எழுதுகிற லண்டன் பரீட்சையோடு போவது லேசில்லை, பிறகு வெளிநாடுதான் வழி. ஒரே பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப இப்போதே தீர்மானிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம், அதிபரும் நல்ல மனிதர் என்று வனிதா சொன்னாள். ஆனால் நாம் கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற சிங்களம் வேறு, பரீட்சையில் எழுதுகிற சிங்களம் வேறு. ராத்திரி வீட்டுப்பாடத்தை விரித்து வைத்தால் உனக்கும் தெரியாது, வனிதாவுக்கும் தெரியாது. பிள்ளை தனியாக நீந்த வேண்டும். சிலர் நீந்திக் கரையேறியிருக்கிறார்கள், சிலர் இரண்டு பாஷையிலும் பாதியில் நின்றிருக்கிறார்கள். அது உங்கள் இஷ்டம். நான் தடுக்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் உங்களிடம் சொல்லாமல் ரத்தோட்டைக்கு வந்தேன். கோபப்படாதே. உங்கள் வீட்டுக்கு வரவில்லை, நீ வேண்டாம் என்று சொல்கிற அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்து மழை அங்கே வரைக்கும் இறங்கியிருந்தது, குடையோடு போய் நின்றேன். பழைய டீச்சர் என்றதும் உள்ளே விட்டார்கள். தரம் ஒன்றின் பின் வரிசையில் ஒரு பாடம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சின்னப் பெண் ஒருத்தி படிப்பிக்கிறாள். பதினாலு பிள்ளைகள். யாருக்கு எந்த எழுத்து வரவில்லை என்று அவளுக்கு மனப்பாடம். ஒரு பையன் அழுதான். அவனை அதட்டாமல், பாடத்தையும் நிறுத்தாமல் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே கரும்பலகையில் எழுதினாள். என் நல்ல காலத்தில்கூட நான் அப்படிச் செய்திருப்பேனா தெரியாது. பிறகு மேல் வகுப்புகளைப் பார்த்தேன். தரம் எட்டில் ஆசிரியர் இல்லை, பிள்ளைகள் தாங்களாகவே எதையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கக்கூஸில் ஒன்றுக்குக் கதவு இல்லை. அதிபர் ஒளிக்காமல் பேசினார். "டீச்சர், அஞ்சாம் வகுப்பு வரைக்கும் புள்ளைக்கு நான் பொறுப்பு. அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன். சயன்ஸுக்கு ஆள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இவ்வளவு வெளிப்படையாகப் பேச என் காலத்தில் எங்களுக்குத் துணிச்சல் இருக்கவில்லை.

ஆகவே என் எண்ணம் இதுதான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் மிதுனா அங்கே படிக்கட்டும். நீயும் வனிதாவும் பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள், அந்தக் கதவையும் கேளுங்கள், சயன்ஸ் மாஸ்டரையும் கேளுங்கள். வங்கி மேனேஜர் கேட்டால் காதில் விழும். தரம் ஆறுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி நேரான வழியில் இடம் தேடலாம், அதற்குள் அவளுக்குக் கணக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன், சனிக்கிழமை தோறும் வருகிறேன். இல்லை, டவுன்தான் வேண்டும் என்றால் மூன்று பேரும் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்து உண்மையாகவே இருங்கள். அறை இருக்கிறது. வனிதா பஸ்ஸில் ரத்தோட்டைக்குப் போய்வர வேண்டும், கஷ்டம்தான். அப்படி வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். நான் சொல்வது தப்பாகவும் போகலாம். ஐந்து வருஷம் கழித்து "அம்மா பேச்சைக் கேட்டுப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தேன்" என்று நீ என்னைத் திட்டலாம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இந்த முடிவுக்கு வர ராமையா மட்டும் காரணமில்லை. உண்மையைச் சொன்னால், அவரைக்கூட இத்தனை வருஷம் நான் ஒருவாறு விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது உன் கல்யாணத்தில் நடந்தது. கோயில் மண்டபத்தில் தாலி கட்டி, மறுநாள் பலாபத்வல வீட்டில் விருந்து வைத்தோம். உன்னோடு பதின்மூன்று வருஷம் படித்த கூட்டாளிகள் எல்லோரும் வந்தார்கள். அதுவரை அவர்களில் ஒருத்தன்கூட நம் வீட்டு வாசலை மிதித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன் கூடவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்த அந்த உயரமான பையன் கை கழுவ வந்தான். கொல்லைப் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல இடம் ஆன்ட்டி. எப்ப இங்க வீடு மாறி வந்தீங்க?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்ற நீ பதில் சொன்னாய்.

"இப்பதான்டா, ரெண்டு வருஷம் இருக்கும்" என்றாய்.

கண் இமைக்கவில்லை நீ. ஆஸ்பத்திரியில் பெற்று, துணியில் சுற்றி உன்னை நான் தூக்கிக்கொண்டு வந்தது அந்த வீட்டுக்குத்தான். நீ தவழ்ந்தது, விழுந்தது, அம்மை போட்டுப் படுத்தது எல்லாம் அங்கேதான். அன்றைக்கு உன்னிடம் படிவம் கேட்க யாரும் வரவில்லை. உன் இடத்தைப் பறிக்க யாரும் இல்லை. நீ படித்து முடித்து, வேலைக்குப் போய், பெண்டாட்டியோடு நின்றிருந்தாய். ஆனாலும் சொன்னாய். நான் அவன் கையைத் துடைக்கத் துவாயை நீட்டிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன்.

படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், மிதுனா ரத்தோட்டை என்று சொல்லட்டும்.

அம்மா